மஞ்சள் நூல் கட்டிய பத்துக் கைகள்

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன தாளை இரண்டு தடவை படித்தேன். இரண்டு வயதுப் பிள்ளையின் பிறந்தநாள், இரண்டு மணி நேரம், பதினான்கு விளையாட்டு. அடேயப்பா. பந்து பொறுக்குவது, சோப்புக் குமிழி ஊதுவது, முயல் மாதிரிக் குதிப்பது, கலர்த் தண்ணீரில் கையை விடுவது என்று நிமிஷம் வாரியாகப் போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வருகின்றனவா, மில்லில் ஷிப்டு பார்க்க வருகின்றனவா? அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு தகர டப்பாவும் அதைத் தட்ட ஒரு கரண்டியும் கொடுத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். பதினான்கில் பத்தை அடித்துவிடுங்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தாளில் எல்லாம் இருக்கிறது, ஒன்று மட்டும் இல்லை. அது என்னவென்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். நானும் அப்படித் தலையாட்டினவள்தான். அதனால் ஒரு பிறந்தநாளைப் பற்றி முழுசாகச் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் பெருமை ஒன்றும் கிடையாது.

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கிரீச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லில் வேலை பார்க்கிற பெண்களின் பிள்ளைகள், கைக்குழந்தையிலிருந்து நாலு வயது வரை, பகல் முழுக்க எங்களிடம் இருக்கும். காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் கொண்டுவந்து விடுவார்கள், மூன்றரை மணிச் சங்குக்கு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த அக்கா ஓய்வு பெற்றுப் போகும்போது எனக்கு விட்டுப்போனது ஒரே ஒரு பழக்கம். வாசலில் பிள்ளையை வாங்கியதும் அதன் கையில் ஒரு மஞ்சள் நூலைக் கட்ட வேண்டும். தாய் வந்து தூக்கும்போது அதை வெட்டிவிட வேண்டும். நடுவில் எப்போது சந்தேகம் வந்தாலும் மஞ்சள் கைகளை எண்ணினால் போதும். பிள்ளைகள் தலையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்ளும், கையை ஒளிக்காது என்பாள். அந்த நூலும் மில் நூல்தான். ரீலிங் பிரிவில் நூலைச் சுருள் சுருளாக, சிட்டம் என்பார்கள், சுற்றும்போது, எண்ணிக்கை தவறாமலிருக்க நடுநடுவே சாய நூலால் ஒரு கட்டுப் போடுவார்கள். அதில் மிச்சம் விழுவதை எங்களுக்குத் தந்துவிடுவார்கள். ஒன்பது வருஷம் அந்த நூலை எண்ணினேன். ஒரு நாள்கூடக் கணக்குத் தப்பியதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்தக் காலத்துப் பிறந்தநாளில் பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள், பிள்ளைகள் உறுத்துகிற புதுச்சட்டையில் அழுதுகொண்டு நிற்கும். எங்கள் மேனேஜர் தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிட்டு நாலு விளையாட்டு வைக்கச் சொன்னார். அங்கே ஒரு பிள்ளைகூட அழவில்லை. அவ்வளவுதான், மேனேஜரின் சொந்தக்காரர்கள் வீட்டில் எங்கே பிறந்தநாள் என்றாலும் டீச்சரை வரச் சொல்லுங்கள் என்று ஆகிவிட்டது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அப்படித்தான் ஒரு பங்குனி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மேனேஜருக்குத் தூரத்து உறவு. ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி தயாரிக்கிற பேண்டேஜ் கம்பெனி வைத்திருந்தார்கள். பெண் குழந்தைக்கு இரண்டு வயது முடிகிறது. அதோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள் இருக்கும் என்றார்கள்.

அந்த மாதிரி இடங்களுக்குப் போகும்போது கிரீச்சிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். புது வீட்டில் பிள்ளைகள் தாயின் சேலையை விட்டு இறங்காது. நாம் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் வராது. ஒரு பிள்ளை விளையாட ஆரம்பித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும். அந்த ஒரு பிள்ளையை நான் கையோடு கொண்டுபோய்விடுவேன். இந்தத் தடவை எஸ்தர். இரண்டரை வயது, கன்னங்கரேலென்று, கண்ணில் பயமே கிடையாது. அவள் அம்மா ஜெபமணி ரீலிங்கில் வேலை பார்த்தாள். காலையில் அவளிடம் கேட்டேன். பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"கூட்டிட்டுப் போங்க டீச்சர். அங்கன எங்கண்ணு இருக்காது. ஒங்க கண்ணுதான் இருக்கணும்."

என்னை நம்பி விடு என்று சொல்லிவிட்டு, எஸ்தரை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பையில் அவளுடைய குட்டித் தம்ளர். அந்தத் தம்ளரில் இல்லாவிட்டால் அவள் பால் குடிக்க மாட்டாள்.

அந்த வீட்டுக்குப் பின்னாலேயே கம்பெனி. பிறந்தநாளுக்காக அன்றைக்கு லீவு விட்டிருந்தார்கள். முற்றம் முழுக்க மூங்கில் கம்புகளில் வெளுத்த துணியைக் காயப் போட்டிருந்தது. சல்லடை மாதிரி மெல்லிய துணி, ஆள் உயரத்துக்கு, வரிசை வரிசையாக, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. பிள்ளை அதன் பின்னால் ஒளிந்தாலும் நமக்கு மங்கலாகத் தெரியும். இதைவிட நல்ல கண்ணாமூச்சி இடம் எங்கே கிடைக்கும்? வீட்டுக்காரரிடம் கேட்டேன். இதையெல்லாம் எப்படியும் இன்னொரு தடவை அலசத்தான் போகிறோம், விளையாடட்டும் என்றார். முற்றத்தின் கடைசியில் துணி வெளுக்கிற ஷெட் இருந்தது. அது பூட்டியிருக்கிறதா என்று கேட்டேன். பூட்டித்தான் இருக்கிறது என்றார். நான் போய்க் கதவை இழுத்துப் பார்க்கவில்லை. இருபதடி நடக்கவேண்டிய வேலை. நடக்கவில்லை.

அந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் மஞ்சள் நூல் கட்டினேன். எஸ்தர் கையில் காலையில் கட்டியதே இருந்தது. மொத்தம் பத்துக் கை. நானே ஒரு துண்டுத் துணியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, "பூச்சாண்டி வாரேன், பூச்சாண்டி வாரேன்" என்று மெல்ல நடந்தேன். எஸ்தர் கலகலவென்று சிரித்துக்கொண்டு முதல் துணிக்குப் பின்னால் ஓடினாள். நான் கிட்டே போனதும் அடுத்த துணிக்கு ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் தாயின் சேலையை விட்டுவிட்டு அவள் பின்னால். நான் கிட்டே போகப் போக இன்னும் தூரமாக ஓட வேண்டும், அதுதான் விளையாட்டு. "ஓடு ஓடு, பிடிச்சிருவேன்" என்று நான்தான் விரட்டினேன். தாய்மார்கள் எல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார்கள். நான் பூரித்துப் போய்விட்டேன்.

அதற்குள் நல்ல நேரம் போகிறது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளைகளை வாரிக் கூடத்தில் உட்கார வைத்தேன். கேக்கைப் பார்த்ததும் எல்லாம் கையை நீட்டின. எண்ணினேன். பத்து மஞ்சள் கை. சரி.

கேக் வெட்டி, ஊட்டி, போட்டோ எடுத்து, பலூன் கொடுத்து, ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். பால் கொண்டுவந்தார்கள். நான் பையைத் திறந்து எஸ்தரின் தம்ளரை எடுத்தேன். அதைப் பார்த்தால் எங்கேயிருந்தாலும் பாய்ந்து வந்து பிடுங்குவாள். நீட்டியபடி இருந்தேன். எந்தக் கையும் வரவில்லை.

மறுபடி எண்ணினேன். பத்து மஞ்சள் கை. இந்தத் தடவை முகங்களைப் பார்த்தேன். எஸ்தர் இல்லை. அவள் இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கையில் மஞ்சள் கயிறு. அவன் அம்மாவிடம் கேட்டேன். பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கியது, மாரியம்மன் கோயிலுக்கு வேண்டிக் காப்புக் கட்டியிருக்கிறோம், நாங்கள் விளையாட்டு நடக்கும்போதுதான் வந்தோம் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். பங்குனி மாதம் அந்த ஊரில் எத்தனை கைகளில் காப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நூலை எண்ணுகிறவளுக்கு அது தோன்றவில்லை.

வீட்டுக்காரரின் அம்மாவிடம் போய், ஒரு பிள்ளையைக் காணோம் என்றேன். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் கவலையே வரவில்லை.

"நாங்க கூப்பிட்ட பிள்ளைய எல்லாம் இருக்கே டீச்சரம்மா."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் தன் விருந்தாளிகளை எண்ணினார். எஸ்தர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவளை எண்ணவேண்டிய ஒரே ஆள் நான்.

அதற்குள் விஷயம் பரவி ஆளுக்கொரு பக்கம் "ஏ பாப்பா, பாப்பா" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கையை எடுத்துக் கும்பிட்டு அவர்களைச் சத்தம் போடாமல் உட்காரச் சொன்னேன். தெரியாத குரல் கத்தினால் அந்த வயதுப் பிள்ளை பதில் சொல்லாது, இன்னும் ஒடுங்கிக்கொள்ளும். வீட்டுக்காரர் மட்டும் என்கூட வந்தார். துணிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து போனோம். கடைசித் துணியை விலக்கினால், ஷெட் கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. சாப்பாட்டுக்குப் பெஞ்சு எடுக்க வந்த யாரோ பூட்டைத் திறந்து அப்படியே விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது என்றார்.

எட்டிப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் அடித்தது. தரைக்குள் பள்ளம் தோண்டிக் கட்டிய பெரிய சிமெண்டுத் தொட்டி. சுற்றுச் சுவர் முழங்கால் உயரம். எஸ்தரை உள்ளே நிற்க வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும். அவள் அந்தச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலையும் உள்ளே தொங்கப் போட்டு, ஊறுகிற துணியைக் கால் கட்டை விரலால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பன்னிரண்டு, பதின்மூன்று எட்டு இருக்கும்.

என்னைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள். நான் இரண்டு எட்டு வைத்தேன். அவள் கலகலவென்று சிரித்துக்கொண்டு சுவர் மேலேயே அந்தப் பக்கம் நகர்ந்தாள். ஈரச் சுவரில் ஒரு கை வழுக்கி மறுபடி ஊன்றியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் தோளில் இன்னும் அந்தப் பூச்சாண்டித் துணி கிடந்தது. நான் அவளுக்கு டீச்சர் இல்லை, பூச்சாண்டி. பூச்சாண்டி கிட்டே வந்தால் தூரமாக ஓட வேண்டும் என்று கால் மணிக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். சொன்ன பேச்சைத் தட்டாமல் விளையாடுகிறாள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் அவள் ஓடுவதற்குத் தண்ணீர்ப் பக்கம் மட்டும்தான் இருந்தது.

பின்னாலிருந்த வீட்டுக்காரர் பாயப் பார்த்தார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். "நான் ஓடிப் பிடிச்சிருவேன், விடுங்க" என்று கிசுகிசுத்தார். அவருக்குக் கோபம். அவர் ஓடியிருந்தால் ஒருவேளை பிடித்திருப்பார். ஒருவேளை. ஜெபமணியிடம் போய் ஒருவேளை என்று சொல்ல முடியுமா?

அந்தத் துணியை மெல்ல நழுவ விட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். பூச்சாண்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் ஓடத்தான் செய்வாள். விளையாட்டை முடிக்கிற மாதிரி ஒரு சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஓடச் சொல்லிக்கொடுத்தேன், வரச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிரீச்சில் அவள் எதற்கு வருவாள்? எவ்வளவு மும்முரமான விளையாட்டாக இருந்தாலும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எதற்கு ஓடி வருவாள்?

சங்குக்கு வருவாள். மூன்றரை மணிச் சங்கு ஊதினால் எங்கள் பிள்ளைகள் எல்லாம் கையிலிருப்பதை எறிந்துவிட்டு வாசல் கேட்டுக்கு ஓடும், அம்மா வருவாள் என்று. எஸ்தர்தான் எப்போதும் முதலில் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

வாயைக் குவித்து ஊதினேன். காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி ஊதினேன். மில் சங்கு தணிவாக ஆரம்பித்து மேலே ஏறி நிற்குமே, அதே மாதிரி, "ஊ..." என்று நீட்டினேன். எஸ்தர் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். தலையைத் தூக்கினாள். என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்த்து நிற்கிற வரைக்கும் அவள் இறங்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அதனால் ஒன்று செய்தேன். வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை. அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

வாசலைப் பார்த்துக்கொண்டு மறுபடி சங்கு ஊதினேன். வீட்டுக்காரரையும் திருப்பி நிறுத்தினேன். பின்னால் தண்ணீர் சளக் என்றது. ஐயோ, விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். திரும்பவில்லை. திரும்பாமல் நின்றது தைரியத்தால் என்று நினைக்காதீர்கள், திரும்பிப் பார்க்கப் பயம். ஊதிக்கொண்டே இருந்தேன், மூச்சு முட்டியது. அப்புறம் சிமெண்டுத் தரையில் ஈரக் கால் பட்டுப் பட்டு வருகிற சத்தம் கேட்டது. என் சேலையை ஒரு கை பிடித்து இழுத்தது.

"டீச்சர், அம்மா வந்தாச்சா?"

அவளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எஸ்தர் என் கழுத்துக்கு மேலாக வாசலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வரவில்லை என்று தெரிந்ததும் அழ ஆரம்பித்தாள். அந்த விழாவில் அழுத ஒரே பிள்ளை அவள்தான்.

கிளம்பும்போது வீட்டுக்காரரின் அம்மா எஸ்தருக்கு ஒரு புதுக் கவுனும் ஒரு பெட்டிக் கேக்கும் கொடுத்தார். தாய்க்காரியிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ள வேண்டாம், பிள்ளைதான் நல்லபடியாக இருக்கிறதே என்று என் காதில் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது எனக்கும் அதுதான் ஓடியது. சொன்னால் மேனேஜர் காதுக்குப் போகும், வேலை போனாலும் போகும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மடியில் அவள் தூங்கிவிட்டாள். அவள் காலிலிருந்து பிளீச்சிங் வாடை வந்துகொண்டே இருந்தது.

மூன்றரைக்குச் சங்கு ஊதியது. ஜெபமணி வந்தாள். மற்றப் பெண்கள் போகட்டும் என்று அவளை நிறுத்தி வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். கதவைப் போய்ப் பார்க்காதது, காப்புக் கயிற்றை எண்ணினது, கால் மணி நேரம் எனக்குத் தெரியாமலே போனது, எல்லாம். அவள் பிள்ளையின் காலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். உள்ளங்காலைத் தன் முந்தானையால் துடைத்தாள். கேக் பெட்டியை நான் நீட்டினேன், வாங்கவில்லை. நடந்து போய்விட்டாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள், நேராக ஆபீஸுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுப்பாள் என்று நினைத்து, கிரீச் வாசலில் கையில் மஞ்சள் நூலோடு நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் விட்டுவிட்டுப் போனபின் கடைசியாக வந்தாள். எஸ்தர் இடுப்பில் இருந்தாள். அவள் கையில் நான் முந்தின நாள் கட்டிய நூல் அப்படியே இருந்தது. சாயங்காலம் அதை வெட்ட மறந்திருந்தேன்.

பழக்க தோஷத்தில் புது நூலை எடுத்துக்கொண்டு கையை நீட்டினேன். ஜெபமணி என் கையைத் தள்ளவில்லை. பிள்ளை கையிலிருந்த பழைய நூலைப் பல்லால் கடித்து அறுத்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பிள்ளையைக் கீழே இறக்கி விட்டாள்.

"சிட்டத்ததான் டீச்சர் நாங்க நூல வச்சு எண்ணுவோம். எம்பிள்ளைக்குப் பேரு இருக்கு. பேரச் சொல்லி எண்ணுங்க."

உள்ளே திரும்பி, அங்கேயே நின்று, அன்றைக்கு வந்திருந்த பதினேழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிள்ளை என் முகத்தைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அடுத்த பெயரைச் சொன்னேன். நடுவில் சங்கு ஊதிவிட்டது. தாமதமாகப் போனால் ரீலிங்கில் மேஸ்திரி சத்தம் போடுவார், ஜெபமணிக்குத் தெரியும். எஸ்தர் பெயர் கடைசியாக வந்தது. அவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெபமணி வேலைக்குப் போனாள்.